ரத்தம் தானாக நின்றால் சூடு தணிந்தது என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி பிறந்ததும் பத்திரிகைகளில் கோடைக் குறிப்புகள் வரத் தொடங்கிவிடும். நீர்க்கடுப்புக்கு இளநீர், பதநீர், நன்னாரி, வெந்தயம் ஊறவைத்த மோர், கால் பெருவிரலில் நல்லெண்ணெய். இவற்றோடு எங்களுக்கு வழக்கு எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைந்தவருக்கு ஒண்ணுக்குப் போகும்போது எரிந்தால் இளநீரும் மோரும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் 'சூட்டினால் சிறுநீரில் ரத்தம் போனாலும் கேட்கும்' என்று ஒரு வரி அதோடு சேர்ந்து அச்சாகும்போதுதான் வினை. அந்த வரியை இந்தக் கோடையிலாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

எரிச்சல் இல்லை, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒருநாள் காலையில் சிறுநீர் நன்னாரி சர்பத் நிறத்திலோ, கறி கழுவிய தண்ணீர் போலவோ போகும். மறுநாள் தெளிந்துவிடும். அப்புறம் இரண்டு மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஒன்றும் இருக்காது. பிறகு இன்னொரு நாள் வரும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தன்னை முதலில் காட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். "சூட்டுக்குப் போயிருக்குவே, ரெண்டு எளநி வெட்டிக் குடி" என்பார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. குடித்த மறுநாள் நின்றும்விடும். இளநீர் குடித்த அன்று நின்றால் இளநீருக்குப் பெயர், மாத்திரை போட்ட அன்று நின்றால் மாத்திரைக்குப் பெயர். எதையும் குடிக்காமல் இருந்திருந்தாலும் அது நின்றிருக்கும்.

ஏன் நிற்கிறது? ஆரம்பக் கட்டத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் உள்சுவரில் மெல்லிய காம்போடு பூப்பூவாக முளைக்கிறது. கேமரா வழியே பார்த்தால் குளத்தடிப் பாசி போல நீரில் அசையும். நுனியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. பை சுருங்கி விரியும்போது ஒன்று அறுந்தால் ரத்தம் வரும். அந்த இடம் உறைந்து மூடிக்கொண்டால் நிற்கும். கட்டி அங்கேயேதான் இருக்கிறது.

இளநீரைவிடப் பெரிய குழப்பம் ஸ்கேனில் தெரியும் சின்னக் கல்தான். நம் பக்கத்தில் சிறுநீரகக் கல் சாதாரணம். ரத்தம் போனவருக்கு வயிற்று ஸ்கேன் எடுத்து, 4 மி.மீ. கல் ஒன்று தெரிந்துவிட்டால் கேஸ் முடிந்தது. எல்லாப் பழியும் அதன் தலையில். சிறுநீரகத்துக்குள் சும்மா கிடக்கும் சின்னக் கல்லைக் கைகாட்டிவிட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்க்காமல் விடக் கூடாது. ஆண்களில் அறுபது கடந்தவருக்கு புராஸ்டேட் வீக்கம் இதேபோல் சாக்காகிறது. இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அசிட்ரோம் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு 'ரத்தம் இளக்குகிற மாத்திரை, அதான்' என்ற சமாதானம். அந்த மாத்திரைகள், இருக்கிற கட்டியைச் சீக்கிரம் கசியவைத்துக் காட்டிக்கொடுக்கின்றன என்று எடுத்துக்கொள்வதே சரி. பரிசோதனை அவருக்கும் வேண்டும்.

பெண்களுக்கு நடப்பது இன்னும் மோசம். நோய் ஆண்களுக்கே மூன்று நான்கு மடங்கு அதிகம் என்றாலும், பெண்களிடம் அது தாமதமாகவே பிடிபடுகிறது. ரத்தம் என்றால் மாதவிடாய்க் கோளாறு, இல்லாவிட்டால் யூரின் இன்ஃபெக்‌ஷன். கல்ச்சர் பார்க்காமலே ஐந்து நாள் ஆன்டிபயாடிக், அடுத்த மாதம் இன்னொரு ஐந்து நாள். ஒரே பெண்ணுக்கு இன்ஃபெக்‌ஷன் என்று மூன்றாவது முறை மருந்து எழுதுவதற்கு முன், கல்ச்சரில் கிருமி வளர்ந்ததா என்று பார்க்க வேண்டும். கிருமி இல்லாமல் எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் நீடித்தால் அது தட்டையாகப் படரும் வகைப் புற்றாக இருக்கலாம். சுவரோடு ஒட்டிச் சிவப்புத் திட்டாகப் பரவும் அந்த வகை ஸ்கேனில் தெரியாது.

சிவப்பாகப் போவதெல்லாம் ரத்தமும் அல்ல. பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவக்கும், டி.பி. மாத்திரையான ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும். சந்தேகம் தீர எளிய வழி சாதாரண யூரின் டெஸ்ட். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைப் புலத்தில் 3 அல்லது அதற்கு மேல் சிவப்பணு இருந்தால் அது கணக்கில் வர வேண்டிய ரத்தம். பெண்கள் மாதவிடாய் நாட்களில் கொடுக்கக் கூடாது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். சைட்டாலஜி என்று எழுதிக் கொடுத்தால் அது வேறு, புற்று அணுக்களைத் தேடும் சோதனை. அதற்குக் காலையில் எழுந்ததும் போகும் சிறுநீர் உதவாது. இரவெல்லாம் பையில் கிடந்து அணுக்கள் சிதைந்திருக்கும். இரண்டாவது முறை போவதைப் பிடித்து உடனே லேபில் சேர்க்க வேண்டும். மூன்று நாள் தனித்தனியாகக் கேட்பதும் உண்டு. வேகமாக வளரும் வகையை இது நன்றாகப் பிடிக்கும், மெதுவாக வளரும் வகையைப் பெரும்பாலும் தவறவிடும். ஆகவே 'சைட்டாலஜி நார்மல்' என்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஸ்கேனும் அப்படித்தான். பை நிறைந்திருந்தால்தான் சுவர் விரிந்து கட்டி தெரியும். காலிப் பையோடு எடுத்த ஸ்கேனில் 'சிறுநீர்ப்பை நார்மல்' என்று இருந்தால் அதற்கு மதிப்பில்லை. எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு போக வேண்டும். நிறைந்த பையிலும் அரை சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டி தப்பிவிடலாம். சிறுநீரகம், குழாய்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க சி.டி. யூரோகிராம் உண்டு, அதற்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்ப்பார்கள். இவையெல்லாம் முடிந்தாலும் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. சிஸ்டோஸ்கோப்பி என்றதும் பயந்து ஊருக்கு பஸ் ஏறுகிறவர்கள் நிறைய. வளையும் வகை டியூப் என்றால் மயக்க மருந்தே வேண்டாம். மரப்புக் களிம்பைச் சிறுநீர்த் துவாரத்தில் செலுத்தி, அது வேலை செய்ய ஐந்து நிமிடமாவது விட்டுவிட்டு ஆரம்பித்தால் பொறுத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு உடனே நுழைத்தால்தான் வலி. பிறகு ஒரு நாள், இரண்டு நாள் எரிச்சலும் லேசான சிவப்பும் இருக்கும்.

இனி 'ஆரம்பக் கட்டம்' என்ற வார்த்தைக்கு வருவோம். சிறுநீர்ப்பைச் சுவரை நம் வீட்டுச் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். மேலே வெள்ளையடிப்பு, அதன் கீழே காரைப்பூச்சு, அதற்கும் உள்ளே செங்கல். கட்டி வெள்ளையடிப்போடு நின்றால் ரிப்போர்ட்டில் 'டிஏ'. காரை வரை போனால் 'டி1'. செங்கல், அதாவது தசை, அதைத் தொட்டுவிட்டால் 'டி2'. வெள்ளையடிப்பிலேயே தட்டையாகப் படர்ந்த கொடிய வகைக்கு 'டிஐஎஸ்' அல்லது சி.ஐ.எஸ். என்று எழுதுவார்கள். தசையைத் தொடாத வரை பையை எடுக்காமலே வைத்தியம் செய்யப் பெரும்பாலும் வழி இருக்கிறது. தசையில் இறங்கிவிட்டால் பையையே எடுக்கும் பெரிய அறுவையோ, கீமோவோடு கதிர்வீச்சோ என்று பேச்சு மாறிவிடும். முதன்முதலில் கண்டுபிடிக்கப்படும்போது நான்கில் மூன்று பேர் அளவுக்குத் தசையைத் தொடாத நிலையில்தான் இருக்கிறார்கள். கூடவே ஒரு சொல் வரும்: மெதுவாக வளர்வது லோ கிரேடு, வேகமாக வளர்வது ஹை கிரேடு. அணுக்களின் குணம் அது. ஆழமும் குணமும் சேர்ந்துதான் அடுத்த படி.

முதல் படி டி.யூ.ஆர்.பி.டி. எனப்படும் அறுவை. வயிற்றில் வெட்டு இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கவைத்து, சிறுநீர்த் துவாரம் வழியே கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கட்டியைச் சீவி எடுக்கிறார்கள். கட்டி பக்கவாட்டுச் சுவரில் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ஓடும் நரம்பை மின்சாரம் தூண்டி, கால் சட்டென்று துள்ளும். துள்ளலில் பை ஓட்டை ஆகிவிடலாம். முதுகு ஊசி அந்தத் துள்ளலைத் தடுக்காது. அதற்கு அந்த நரம்புக்கே தனியாக மரப்பு ஊசி போடுவார்கள், அல்லது தசையைத் தளர்த்தும் மருந்தோடு முழு மயக்கம் கொடுப்பார்கள்.

அறுவை முடிந்து வரும்போது மூன்று வாய் உள்ள டியூப் இருக்கும். ஒன்றில் உப்புநீர் உள்ளே போகும், ஒன்றில் கழுவிய நீர் வெளியே வரும், ஒன்று டியூபைப் பிடித்து வைக்கும் பலூன். கூட இருப்பவர் பார்க்க வேண்டியது பாட்டில் எப்போது தீரும் என்பதை மட்டுமல்ல. கீழே தொங்கும் பிளாஸ்டிக் பையில் விழுவதன் நிறத்தையும் வேகத்தையும். உள்ளே போகிறது, வெளியே வரவில்லை, அடிவயிறு உப்புகிறது என்றால் ரத்தக்கட்டி டியூபை அடைத்திருக்கிறது. உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். 'டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளே காய்ந்த பொருக்கு உதிரும்போது மறுபடி லேசாகச் சிவந்து போகலாம். அது எதிர்பார்த்ததுதான், தண்ணீர் நிறையக் குடித்தால் தெளியும். கட்டி கட்டியாக வந்தாலோ, நீர் அடைத்துக்கொண்டாலோ திரும்பி வர வேண்டும்.

அடுத்து சதை டெஸ்ட். எங்கள் அனுபவத்தில் காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பல இடங்களில் டப்பாவைக் கையில் கொடுத்து லேபில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்கள். மஞ்சப்பைக்குள் வாட்டர் பாட்டிலோடும் பிளாஸ்க்கோடும் கிடந்து அது போகிறது. வாங்கும்போதே மூன்று விஷயம் பாருங்கள். டப்பாவில் இருப்பது 10 சதவீத ஃபார்மலினா. வெறும் தண்ணீரில் போட்டால் சதை அழுகிவிடும். சதையைப் போல் பத்து மடங்கு திரவம் இருக்கிறதா. கட்டிக்கு ஒன்று, அடிச்சதைக்கு ஒன்று எனத் தனித்தனி டப்பாவும் அதன் மேல் பெயரும் எழுதியிருக்கிறதா. இரண்டு லேபில் பார்க்கலாம் என்று சதையைப் பாதிப் பாதியாகப் பிரிக்கவே கூடாது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் முதல் லேபிலிருந்து சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும், அதைச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லையும் வாங்கிப் போகலாம். அவற்றைக் கேட்டு வாங்கலாம்.

ரிப்போர்ட் வந்ததும் 'மெலிக்னன்ட்' (புற்று) என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணீர் விடுகிறார்கள். தேட வேண்டிய வரி வேறு. 'டீட்ரூசர் மசில்', அதாவது பையின் தசை, என்று ஒரு வரி இருக்கும்: எடுத்த சதையில் தசை இருந்ததா, இருந்தால் அதில் கட்டி இறங்கியிருந்ததா. 'தசை காணப்படவில்லை' என்று இருந்தால் கட்டி ஆழமாகப் போகவில்லை என்று பொருளல்ல. ஆழம் பார்க்கப்படவே இல்லை என்று பொருள். லோ கிரேடு டிஏ தவிர மற்றவற்றில் எடுத்த சதையில் தசை இல்லாவிட்டாலும், ரிப்போர்ட் டி1 என்று சொன்னாலும், முதல் முறையில் கட்டி முழுதும் எடுபடாவிட்டாலும், இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி சீவிப் பார்க்க வேண்டும். 'ஒருதடவைதான் எடுத்தாச்சே, காசு பிடுங்கப் பார்க்கிறாங்க' என்று இந்த இடத்தில்தான் பலர் ஆஸ்பத்திரி மாறுகிறார்கள். மீண்டும் பார்க்கும்போது மிச்சக் கட்டி அகப்படுவது அபூர்வமல்ல. சிலருக்குத் தசை வரை போயிருந்தது அப்போதுதான் தெரியவருகிறது.

ரத்தம் நின்றுவிட்டது என்று ரிப்போர்ட்டையே வாங்க வராதவர்களும் இருக்கிறார்கள்.

அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, மைட்டோமைசின் என்ற கீமோ மருந்தை 40 மி.கி. டியூப் வழியே ஒருமுறை பைக்குள் விட்டு ஒரு மணி நேரம் வைத்திருப்பது உண்டு. மிதந்து திரியும் அணுக்கள் வேறிடத்தில் ஒட்டி முளைக்காமலிருக்க அது. பை ஓட்டையாகியிருந்தாலோ ரத்தப்போக்கு அதிகமிருந்தாலோ கொடுக்க மாட்டார்கள். லோ கிரேடு டிஏ, சின்னது, ஒற்றைக் கட்டி என்றால் பலருக்கு இதோடு மருந்து முடிந்தது.

ஹை கிரேடு, டி1, சி.ஐ.எஸ். என்றால் பி.சி.ஜி. ஆம், பிள்ளைகளுக்குத் தோளில் போட்டுத் தழும்பு விழுகிற அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். கனடாவில் மொராலெஸ் என்ற மருத்துவர் 1976-ல் இதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பலன் கண்டு எழுதினார். இன்றுவரை இதற்கு இணையான மருந்து அரிது. உயிருள்ள வீரியம் குறைந்த கிருமி பைச் சுவரில் ஒட்டி, உடம்பின் எதிர்ப்புப் படையை அங்கே வரவழைக்கிறது. 'டி.பி. மருந்து ஏத்துறாங்க' என்று கேள்விப்பட்டதும் வீட்டில் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கிறார்கள். வேண்டியதில்லை. அவருக்கு டி.பி. இல்லை, இருமலில் பரவுவதும் இல்லை.

செலுத்தும் முறையில் கவனம் வேண்டும். அறுவை முடிந்து இரண்டு வாரமாவது கழிய வேண்டும். புண் ஆறாமல் கொடுத்தால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். வாரம் ஒன்று வீதம் ஆறு வாரம். அன்று சிறுநீர் சிவந்திருந்தாலோ, இன்ஃபெக்‌ஷன் இருந்தாலோ, டியூப் விடும்போது ரத்தம் கசிந்தாலோ அந்த வாரம் தள்ளிப்போட வேண்டும். 'பஸ் காசு போட்டு வந்துட்டோம், எப்படியாவது ஏத்திவிடுங்க' என்று வற்புறுத்தாதீர்கள். நான்கு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், காபி குறைக்கவும். நீர் பிரியும் பி.பி. மாத்திரையை அன்று எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும். மருந்து 2 மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. வெளியூர்க் கடையில் வாங்கி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தால் கிருமி செத்துப்போகும், ஐஸ் பெட்டியில் பனிக்கட்டியோடு நேரே ஒட்டி உறைந்தாலும் கெடும்.

பிறகு 6 மணி நேரம் சிறுநீர் கழிக்கும்போது ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும். கழிப்பறையில் இரண்டு கப் பிளீச் திரவம் ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வயக்காட்டிலோ வாய்க்கால் கரையிலோ போகக் கூடாது. இரண்டு நாள் எரிச்சல், உடம்பு வலி, லேசான காய்ச்சல் இருக்கும். ஆனால் 101 டிகிரிக்கு மேல் குளிர் காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால், மூட்டு வலி, இருமல், மஞ்சள் கண் என்று எதாவது சேர்ந்தால், பக்கத்துக் கடையில் ஊசி போடாமல் மருந்து ஏற்றிய இடத்துக்கே வர வேண்டும். கிருமி உடம்பில் பரவியிருந்தால் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் கொடுப்பார்கள். வழக்கமான டி.பி. மருந்தில் ஒன்றான பைராசினமைடு இந்தக் கிருமியிடம் பலிக்காது. வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால் பி.சி.ஜி. ஏற்றியதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். எரிச்சலுக்குக் கடைக்காரர் தரும் சிப்ரோ, ஆஃப்லாக்ஸ் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பி.சி.ஜி.யையும் கொல்லும், அந்த வாரக் காசு வீண்.

ஆறு வாரத்தோடு முடிவதில்லை. 3, 6, 12-ஆவது மாதங்களில் மூன்று மூன்று வாரம் என்று குறைந்தது ஓராண்டு, ஆபத்து அதிகமானவர்களுக்கு மூன்றாண்டு வரை போகும்.

இந்த நோயின் குணமே திரும்ப வருவது. ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று 2006-ல் வெளியிட்ட கணக்கில், ஐந்தாண்டுக்குள் மறுபடி முளைத்தவர்கள் மிகக் குறைந்த ஆபத்துப் பிரிவில் 31 சதவீதம், மிக அதிகப் பிரிவில் 78 சதவீதம். அடுத்த கட்டத்துக்குப் போனது முதல் பிரிவில் 1 சதவீதத்துக்கும் குறைவு, கடைசிப் பிரிவில் 45 சதவீதம். எனவே முதல் கேமரா 3-ஆவது மாதம் எல்லோருக்கும் கட்டாயம். குறைந்த ஆபத்து என்றால் அடுத்தது 12-ஆவது மாதம், பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ஐந்தாண்டு. அதிக ஆபத்து என்றால் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும்.

இந்த அட்டவணையை உடைப்பது நோயாளி அல்ல, அவர் மேல் பாசமுள்ளவர்கள்தான். "அப்பாட்ட கேன்சர்னு சொல்லிராதீங்க, தாங்க மாட்டாவ" என்று மகன் காதோடு சொல்கிறார். அப்பாவுக்குத் தெரிந்தது 'சதை வளர்ந்திருந்தது, எடுத்தாச்சு' என்பது மட்டும். எடுத்தாச்சு என்றால் எதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா? வருவதை நிறுத்துகிறார். பீடியையும் நிறுத்துவதில்லை. பீடியோ சிகரெட்டோ, புகையிலைப் புகையில் உள்ள அரோமாட்டிக் அமின் என்ற நச்சு நுரையீரலில் இருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து சிறுநீருக்கும் வந்து, மணிக்கணக்கில் பைக்குள் தேங்கி நிற்கிறது. சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவதை ஜெர்மானிய மருத்துவர் ரேன் 1895-லேயே கவனித்துச் சொன்னதும் இதே வகை நச்சால்தான். இருபது ஆண்டு கழித்தும் வரும். திருப்பூர்ச் சாயப்பட்டறையிலோ தாராவியில் தோல் கிடங்கிலோ இளமையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், அதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து எடுப்பவர்களும் ஒன்று கவனிக்கவும்: ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி இரண்டிலும் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும். மற்ற மூலிகைகள் மேல் எங்களுக்குப் புகார் இல்லை.

செலவுக்கு வழி உண்டு. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் யூராலஜி பிரிவு இருக்கிறது. ஆண்டு வருமானம் ₹1,20,000-க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை கிடைக்கிறது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். அறுவைக்கு முன் அனுமதி வாங்க வேண்டிய திட்டம் இது. முடிந்தபின் கார்டை நீட்டிப் பயனில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பீடித் தொழிலாளர் குடும்பங்கள் தொழிலாளர் நல அடையாள அட்டையைக் காலாவதியாக விடாமல் வைத்திருக்க வேண்டும். புற்றுநோய்ச் செலவைத் திரும்பப் பெறவும் அந்த அட்டைதான் முதல் கேள்வி. அறுவைக் குறிப்பு, சதை ரிப்போர்ட், ஒவ்வொரு கேமராச் சீட்டு, பி.சி.ஜி. ஏற்றிய தேதிகள் நான்கையும் ஒரே ஃபைலில் போட்டு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கையோடு கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
யூராலஜி பிரிவில் பணியாற்றும் செவிலியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.